பால் அட்டையும் அணிப் பாடமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில், மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் நின்று பேசுவோர் வழக்கமாக விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கறவை மாட்டைப் பற்றியும் பேசுவர். கணினி ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை. ஆயினும், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பாடங்களுள் ஒன்றைப் பற்றி, அதுவும் அவர்களுள் பலர் இடறி விழும் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி, உங்களிடம் பேச வேண்டுமென்று நாங்களே விரும்பிக் கேட்டு இந்த வாய்ப்பைப் பெற்றோம். இசைவளித்த தலைவர் அவர்களுக்கு எங்கள் நன்றி உரியது.

அந்தப் பாடத்தின் பெயர் 'அணி' என்பதாகும். நம் மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த மேல்நிலை முதலாண்டுக் கணினி அறிவியல் பாடநூலில், சி பிளஸ் பிளஸ் என்னும் கணினி மொழியைக் கற்பிக்கும் பகுதியில் அது வருகின்றது. அதுவரை ஓரளவு நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள் இவ்விடத்தில் வந்து தயங்கி நிற்பதை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். தயங்கி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கடையில் விற்கும் கைடு ஒன்றை வாங்கி, அதிலுள்ள நிரல்களை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். வினாத்தாளில் ஓர் எண் மாறிவிட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். உழவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். "ஐயா, இவனுக்குக் கணினிப் படிப்பு ஏறவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கும் படிப்பு கிடையாது. சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள், திருப்பூரில் வேலைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, முடிவு செய்துவிட்டவர் சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னார். பையனின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். மற்றப் பகுதிகளில் குறைவில்லை. அணிப் பாடத்தில் வந்த வினாக்களில் மட்டும் ஏறக்குறைய எல்லாமே தவறாக இருந்தன. இந்த ஒரு பாடத்துக்காகவா ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பது என்று எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

அவர் சட்டைப் பையில் பால் கூட்டுறவுச் சங்கத்து அட்டை ஒன்று தெரிந்தது. அதைச் சற்றுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். அன்று அந்த அட்டையை வைத்துக்கொண்டு தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்தே சொன்னவற்றைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறோம்.

காலையில் ஊற்றிய பால் ஏழு நாளைக்கு இவ்வாறு இருந்ததாகக் கொள்வோம்: 4, 5, 5, 3, 6, 5, 4 லிட்டர். (அட்டையில் அரையும் காலும் உண்டு, கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு முழு எண்களாக்கிக் கொண்டோம்.) இந்த ஏழு எண்களையும் கணினியின் நினைவகத்தில் வைக்க வேண்டும். அணி என்பதை அறியாத மாணவன் ஏழு பெயர்களைச் சூட்டுவான். முதல் நாள் பால், இரண்டாம் நாள் பால் என்று. ஒரு திங்களுக்கு 30 பெயர்கள். சங்கத்தில் 200 உறுப்பினர்கள் இருந்தால் 6,000 பெயர்கள். 6,000 பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டச் சொன்னால் அதற்குக் கணினி எதற்கு? சங்கத்து எழுத்தரே போதுமே!

ஆகவே ஒரே பெயரைச் சூட்டி, அப்பெயரின்கீழ் வரிசையாகப் பெட்டிகளை வைத்து, பெட்டிகளுக்கு எண் கொடுத்துவிடுகிறார்கள். படையில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்பதை அணி என்கிறோமே, அதே சொல்தான் இங்கும். 'பால்' என்று பெயர் வைத்து, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 7 என்று எழுதி, பால்[7] என அறிவித்தால் ஏழு பெட்டிகள் அடுத்தடுத்து ஒதுக்கப்படும். நிரலைப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். நாங்கள் இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறோம். அவ்வளவே வேறுபாடு.

இனி, இடறும் இடத்துக்கு வருவோம். முதற் பெட்டியின் எண் 1 அன்று, 0. முதல் நாள் பால் பால்[0] என்னும் பெட்டியில் இருக்கும். இரண்டாம் நாள் பால் பால்[1]-இல். ஏழாம் நாள் பால் பால்[6]-இல். பால்[7] என்று ஒரு பெட்டியே கிடையாது.

"ஒன்றிலிருந்து எண்ணாமல் சுழியிலிருந்து எண்ணுவானேன்? இது என்ன வழக்கம்?" என்று அந்தத் தந்தை கேட்டார். நல்ல கேள்வி. பிள்ளைகள் இதைக் கேட்பதில்லை என்பதே எங்கள் குறை. ஆசிரியர் சொன்னார், எழுதிக்கொண்டோம் என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாத விதி தேர்வு மண்டபத்தில் மறந்து போகும்.

காரணம் உங்கள் தோப்பிலேயே இருக்கின்றது. தென்னையை 25 அடி இடைவெளியில் நடுகிறோம். முதல் மரத்தின் அடியில் நின்றுகொண்டு நான்காம் மரத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், நூறு அடி என்றா சொல்வீர்கள்? 75 அடி என்பீர்கள். நான்காம் மரத்துக்கு இடையில் மூன்று இடைவெளிகள்தாம். முதல் மரத்துக்கு எவ்வளவு தூரம்? ஒன்றுமில்லை, நாம் நிற்பதே அங்கேதான். கணினியும் இவ்வாறே கணக்கிடுகின்றது. பெட்டியின் எண் என்பது அது எத்தனையாவது பெட்டி என்பதன்று. தொடக்கத்திலிருந்து எத்தனை பெட்டி தாண்ட வேண்டும் என்பதே. இன்றைய கணினிகளில் ஒரு முழு எண்ணுக்குப் பெரும்பாலும் 4 பைட் இடம் கொடுப்பர். அணியின் தொடக்கம் நினைவகத்தில் 1000 என்னும் முகவரியில் இருந்தால், பால்[3] எங்கே இருக்கும்? 1000-உடன் மூன்று நான்கு பன்னிரண்டைக் கூட்டினால் 1012. பால்[0]? 1000-த்திலேயே. ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதும். எந்தப் பெட்டியையும் தேடி அலையாமல் நேரே போய்த் திறக்கலாம். பெட்டிகள் அடுத்தடுத்து, ஒரே அளவாக இருப்பதன் பயன் இதுதான்.

எல்லாக் கணினி மொழிகளும் இவ்வாறு சுழியில் தொடங்குவதில்லை. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்னும் மொழியில் எண் 1-இல் தொடங்கும். எங்கிருந்து தொடங்குவது நல்லது என்று அறிஞர்களே வழக்காடியிருக்கிறார்கள். நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982-இல் சுழியே தக்கது என்று தனிக் குறிப்பே எழுதினார். ஆகவே உங்கள் பிள்ளை குழம்புகிறான் என்றால் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

குழப்பத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை என்பது எங்கள் எண்ணம். சதுர அடைப்புக்குள் எழுதும் எண்ணுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பொருள். அணியை முதலில் அறிவிக்கும்போது பால்[7] என்றால் 'ஏழு பெட்டிகள் வேண்டும்' என்று பொருள். பிறகு நிரலின் நடுவில் பால்[6] என்றால் 'ஆறு பெட்டி தாண்டிய இடம்' என்று பொருள். முன்னது அளவு, பின்னது இடம். ஏழு ஏக்கர் நிலம் என்பதும் ஆறாம் நம்பர் வயல் என்பதும் ஒன்றாகுமா? இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால், இப்பாடத்தில் பாதித் தவறு போய்விடும்.

ஏழு நாள் பாலையும் கூட்டுவதற்கு எழுதும் நிரலின் உள்ளம் இதுதான்:

கூடுதல் = 0
நாள் = 0 முதல், நாள் < 7 ஆக இருக்கும் வரை, ஒவ்வொன்றாக ஏற்றி
கூடுதல் = கூடுதல் + பால்[நாள்]

விடை 32 லிட்டர். இங்கே '7-க்குக் குறைவாக' என்று எழுத வேண்டிய இடத்தில் '7 வரை' என்று ஒரு பிள்ளை எழுதிவிடுகிறான் என்று வையுங்கள். அப்போது நிரல் எட்டாவது பெட்டியையும் திறக்கப் போகும். அங்கே என்ன இருக்கும்? பக்கத்துக் காணியில் யாருடைய பயிர் இருக்கின்றதோ அதுதான் இருக்கும். வரப்பைத் தாண்டி உழுதுவிட்ட கதை. உழவனாக இருந்தால் பக்கத்துக் காணிக்காரர் வந்து கேட்பார். சி பிளஸ் பிளஸ் மொழி கேட்பதில்லை. அது வரப்பைக் காவல் காப்பதே இல்லை. சில வேளை விடை தற்செயலாகச் சரியாக வரும். சில வேளை பொருளற்ற பெரிய எண் வரும். சில வேளை நிரல் பாதியில் நின்றுவிடும். என்ன நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இரண்டாமாண்டில் படிக்கும் பைத்தான் மொழியில் பட்டியலின் எல்லையைத் தாண்டினால் உடனே பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும். முதலாண்டில் கற்கும் மொழிக்கு அந்த இரக்கம் கிடையாது. ஆதலால் வரப்பைக் காக்கும் பொறுப்பு மாணவனுடையது.

நூறு அடி நீளத்துக்கு வேலி போட வேண்டும், பத்தடிக்கு ஒரு கல் என்றால் எத்தனை கல் வாங்குவீர்கள்? கொத்தனாரைக் கேட்டால் பதினொன்று என்பார். புதிதாய் வேலி போடுபவர் பத்து வாங்கி வந்து, கடைசி முனையில் கல்லில்லாமல் மறுபடியும் சந்தைக்குப் போவார். இதே தவறுதான் அதுவும். உங்களுக்குக் கைவந்த அறிவு இது. பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் புதிதாக வந்ததுபோல் தோன்றுகின்றது. வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசினால் பாதிப் பாடம் முடிந்தது.

இதுவரை பேசியது ஒரு பரிமாண அணி. ஒரே வரிசை. இப்போது பால் அட்டையை முழுமையாகப் பாருங்கள். காலை மட்டுமா பால் ஊற்றுகிறோம்? மாலையும் உண்டு. அட்டையில் நாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் காலை, மாலை என்று இரண்டு பத்தி. இதுவே இரு பரிமாண அணி. பால்[7][2] என்று அறிவிப்பர். முன்னது வரிசைகளின் தொகை. பின்னது பத்திகளின் தொகை. மாலைப் பாலை 3, 3, 4, 2, 4, 3, 3 என்று கொள்வோம். நான்காம் நாள் மாலைப் பால் எந்தப் பெட்டியில் இருக்கின்றது? நான்காம் நாள் என்பதால் மூன்று வரிசை தாண்ட வேண்டும். மாலை என்பதால் ஒரு பத்தி தாண்ட வேண்டும். ஆகவே பால்[3][1]. அதில் இருப்பது 2 லிட்டர். இவ்வளவுதான் இரு பரிமாணம் என்று சொன்னபோது அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். 'பரிமாணம்' என்னும் சொல்லே அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தது போலும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தேர்வில் இதைக் கேட்கவும் செய்வர். நாம் தாளில் கட்டம் போட்டு எழுதினாலும், கணினியின் நினைவகத்தில் கட்டம் கிடையாது. அது ஒரே நீண்ட வரிசை. ஆகவே முதல் நாளின் காலை, மாலை. அதையடுத்து இரண்டாம் நாளின் காலை, மாலை. என்று வரிசை வரிசையாகவே பெட்டிகளைச் சி பிளஸ் பிளஸ் மொழி அடுக்கி வைக்கின்றது. ஃபோர்ட்ரான் மொழியோ பத்தி பத்தியாக அடுக்கும். பால்[3][1] தொடக்கத்திலிருந்து எத்தனையாவது இடம்? மூன்று வரிசை தாண்ட 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6; அதனுடன் பத்தி 1-ஐக் கூட்டினால் 7. பெட்டிக்கு 4 பைட் என்றால் 28. தொடக்கம் 1000 எனில் முகவரி 1028.

இந்தக் கணக்கில் வரிசைகளின் தொகையாகிய 7 எங்காவது வந்ததா? வரவில்லை. பத்திகளின் தொகையாகிய 2 மட்டுமே வந்தது. 'அணிக்குத் தொடக்க மதிப்புகளைக் கொடுத்து அறிவிக்கும்போது வரிசைகளின் தொகையை எழுதாமல் விடலாம். பத்திகளின் தொகையை விடலாகாது' என்று ஒரு விதி புத்தகத்தில் இருக்கின்றது. பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டு, தேர்வில் தலைகீழாக எழுதிவிடுவர். தோப்பில் வைத்துப் பார்த்தால் மாற்றி எழுதவே முடியாது. தென்னைகளுக்கு ஒரே தொடர்ச்சியாக எண் போட்டுக்கொண்டே போகிறோம். வரிசைக்கு எட்டு மரம் என்று தெரிந்தால், இரண்டாம் வரிசை எங்கே தொடங்குகின்றது என்று சொல்லிவிடலாம். தோப்பில் மொத்தம் எத்தனை வரிசை என்று தெரிய வேண்டியதில்லை. வரிசைக்கு எத்தனை மரம் என்பதே தெரியாவிட்டால்? எங்கே மடங்குவது என்று யாருக்கும் தெரியாது.

கூட்டலில் வரும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த விடைத்தாளில் அதிக மதிப்பெண் போன இடம் அது. வினா இதுதான்: ஒவ்வொரு நாளும் இருவேளையும் சேர்ந்து எவ்வளவு பால்? சரியான விடை 7, 8, 9, 5, 10, 8, 7. பையன் எழுதிய முறைப்படி நிரலை ஓட்டினால் 7, 15, 24, 29, 39, 47, 54 என்று வரும். முதல் நாள் சரி. மற்றவை எல்லாம் பிழை. தந்தையிடம் அட்டையையும் இந்த எண்களையும் காட்டி, "என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "முந்தின நாள் கணக்கைத் தீர்க்காமல் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்" என்றார். அதேதான்! கூடுதலைச் சுழியாக்கும் வரியை, ஒவ்வொரு நாளும் தொடங்கும் இடத்தில் எழுதாமல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முறை எழுதியிருந்தான். சி பிளஸ் பிளஸ் அறியாத ஒருவர் நிரலின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. மகன்தான் தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிகக் குறைந்த பால் எந்த நாள் என்று கண்டுபிடிக்கும் நிரலிலும் இத்தகைய தவறு நேரும். குறைந்த அளவு என்பதற்குத் தொடக்கத்தில் 0 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டால், எந்த நாளும் சுழியைவிடக் குறையாது. விடை 0 என்றே நிற்கும். மாடு ஒரு நாளும் கறவாமல் இருந்ததில்லையே! முதல் நாளின் அளவையே தொடக்கமாக வைத்துக்கொண்டு மற்றவற்றோடு ஒப்பிடுவதே முறை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மழைக் கணக்கு நன்றாகத் தெரியும். இந்திய வானிலைத் துறையின் முறைப்படி காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, அதற்கு முந்தைய 24 மணி நேரத்து மழையை மில்லிமீட்டரில் பதிவு செய்கிறார்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழை நாள் என்று கணக்கிடுவர். ஓராண்டு மழையை அணியாக அமைக்கச் சொன்னால், 12 வரிசை, 31 பத்தி என்று மாணவன் அமைப்பான். மொத்தம் 372 பெட்டிகள். ஆண்டுக்கோ 365 நாள்கள், நெட்டாண்டில் 366. எஞ்சிய பெட்டிகள் பிப்ரவரி 30 போன்ற, உலகத்தில் இல்லாத நாள்களுக்கு உரியவை. அவற்றில் என்ன இடுவது? 0 இடலாமா? 0 என்றால் அந்த நாளில் மழை பெய்யவில்லை என்று பொருள். மழை பெய்யாத நாளும், இல்லவே இல்லாத நாளும் ஒன்றாகா. இரண்டையும் ஒன்றாக்கினால் சராசரி கெட்டுப்போகும். ஆகவே மழைக்கு ஒருபோதும் வர முடியாத ஓர் எண்ணை, –1 என்பது போன்றதை, அப்பெட்டிகளில் இட்டு, கூட்டும்போது அதை விலக்குமாறு எழுதுவது நல்ல வழக்கம். ஒன்றுமே இடாமல் விடுவதும் ஆபத்து. ஒரு செயற்கூற்றின் உள்ளே அறிவித்த அணிக்கு எந்த மதிப்பும் கொடுக்காவிட்டால், அதில் முன்பு கிடந்த ஏதோ ஓர் எண் அப்படியே கிடக்கும். சில பெட்டிகளுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்து அறிவித்தாலோ, எஞ்சியவை சுழியாகிவிடும். இதுவும் தேர்வுக்குரிய செய்தி.

உங்களுக்குத் தெரிந்த அடங்கலையும் இவ்விடத்தில் நினைக்கலாம். புல எண் வரிசையாகவும், பயிர், பரப்பு, பாசன வகை பத்தியாகவும் எழுதியிருப்பதால் அதுவும் இரு பரிமாண அணிதானே என்று ஒரு மாணவி கேட்டாள். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஓர் அணியில் எல்லாப் பெட்டிகளும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். எண் என்றால் எல்லாம் எண், எழுத்து என்றால் எல்லாம் எழுத்து. அடங்கலில் ஒரு பத்தியில் பயிரின் பெயர், மற்றொன்றில் பரப்பு. பெட்டிகள் ஒரே அளவாக இராவிட்டால், முன்பு சொன்ன பெருக்கல் கணக்கு நடவாது. அதற்கு வேறு அமைப்பு உண்டு. அணிப் பாடத்தை அடுத்துப் படிப்பார்கள்.

தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். வீட்டில் கணினி இல்லையே என்று பல பெற்றோர் எங்களிடம் குறைப்படுகிறார்கள். செய்முறைத் தேர்வுக்குக் கணினியில் பழகுவது இன்றியமையாதது. அதைப் பள்ளி அளிக்க வேண்டும். நாங்கள் பணியாற்றிய ஒரு பள்ளியிலேயே கணினிகள் தூசு படிந்து பூட்டிய அறையில் கிடந்ததையும், திறவுகோல் விடுப்பில் சென்றுவிட்டதையும் கண்டிருக்கிறோம். அத்தகைய நிலையில் பெற்றோர் வந்து கேட்பதே சரி. கேட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. எழுத்துத் தேர்வுக்கோ தாளும் பென்சிலும் போதும். கட்டம் போட்டுக்கொண்டு, நிரலின் ஒவ்வொரு வரியையும் தானே கணினியாக இருந்து நடத்தி, நாள் என்பதன் மதிப்பு இப்போது எத்தனை, கூடுதல் எத்தனை என்று எழுதிக்கொண்டே வருதல் வேண்டும். வண்டியைச் சந்தைக்கு ஓட்டுமுன் வெள்ளோட்டம் விடுவது போன்றது இது. ஏழு பெட்டிக்குப் பதிலாக மூன்று பெட்டி வைத்துக்கொண்டு செய்தாலே போதும். கைடில் உள்ள இருபது நிரல்களை மனப்பாடம் செய்வதைவிட, மூன்று நிரல்களை இவ்வாறு தாளில் ஓட்டிப் பார்ப்பது மேல் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம்.

படிக்காத பெற்றோரும் இதற்கு உதவ முடியும். இரவு உணவுக்குப் பின் பால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐந்தாம் நாள் காலைப் பால் எந்தப் பெட்டி?" என்று கேளுங்கள். [4][0] என்று பிள்ளை சொல்ல வேண்டும். "கடைசிப் பெட்டி எது?" என்று கேளுங்கள். [6][1] என்று சொல்ல வேண்டும். [7][2] என்று சொன்னால், அளவையும் இடத்தையும் குழப்பிக்கொண்டான் என்று தெரிந்துகொள்ளுங்கள். "ஏழாம் நாள் முடிந்ததும் நிரல் எங்கே நிற்கும், எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்குவது உங்களுக்கு முழுதும் விளங்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். விளக்கும்போதே தன் தவறு தனக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். சான்றிதழை அன்று வாங்கவில்லை. ஆண்டுத் தேர்வில் பால் கணக்கு வரவில்லை; இரண்டு அணிகளைக் கூட்டி மூன்றாம் அணியில் இடும் நிரலைக் கேட்டிருந்தார்கள். வெளியே வந்தவன், "காலை அட்டைக்கும் மாலை அட்டைக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு, பெட்டிக்குப் பெட்டி கூட்டினேன்" என்றான். வரிசைக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று என இரண்டு சுழற்சிகள் எழுதியிருந்தான். எல்லையையும் சரியாக வைத்திருந்தான். மதிப்பெண் மிக உயர்வு என்று சொல்வதற்கில்லை. இரண்டாமாண்டுக்குப் போனான்.

ஊராட்சி மன்றத்தாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொதுத் தேர்வுக்கு முன்னர்ச் சனவரி 26-ஆம் நாள் கிராம சபை கூடும். அப்போது உங்கள் வட்டத்தின் ஓராண்டு மழைப் பதிவையும், பால் சங்கத்தின் ஒரு திங்கள் கணக்கையும், பெயர்களை நீக்கி, மேல்நிலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்காகக் கேட்டு வாங்கித் தாருங்கள். நூலகத்தில் ஒரு கரும்பலகையும், மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை விளக்கும் இருந்தால், வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். எந்த இரண்டு நாள் என்பதைக் கறவை நேரத்தையும் தண்ணீர் முறையையும் பார்த்து நீங்களே குறித்துச் சொல்லுங்கள்.